உங்களுக்குத் தெரியுமா? 'வோய்' சொல்லாவிட்டால் ஃபவுல்!

● பார்வையற்றோர் கால்பந்தில் பந்தைப் பறிக்கப் போகிறவர் 'வோய்' என்று குரல் கொடுத்தே ஆகவேண்டும். 'இதோ வர்றேன்' என்று ஸ்பானிஷில் எச்சரிக்கை விடுகிறார்! கமுக்கமாகப் போய்க் காலைவிட்டால் ஃபவுல். முட்டிமோதி மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

● அந்தப் பந்துக்குள் கிலுகிலுப்பை இருக்கும். உருண்டால் சத்தம் வரும், நின்றால் சத்தமும் நின்றுவிடும். அதனால் தேர்ந்த ஆட்டக்காரர் பந்தைச் சும்மா இருக்கவே விடமாட்டார். இரு பாதங்களின் உட்பக்கத்துக்கும் நடுவே இடதும் வலதுமாகத் தட்டிக்கொண்டே ஓடுவார். சத்தப் பந்து வாங்க வசதி இல்லையா? சாதாரணப் பந்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி முடிந்தால் போதும், சரசரப்பு காட்டிக்கொடுத்துவிடும். கேரி பேக்குக்கு இப்படியும் ஒரு நற்கதி!

● அணிக்கு 5 பேர். கோல்கீப்பருக்குப் பார்வை இருக்கலாம். மற்ற 4 பேருக்கும் கண்கட்டு கட்டாயம். லேசாக வெளிச்சம் தெரிகிறவருக்கு அந்தச் சின்ன அனுகூலம்கூடக் கிடைத்துவிடக் கூடாதாம். தற்காப்புப் பகுதியில் கோல்கீப்பரும், நடுப்பகுதியில் பயிற்சியாளரும், எதிரணி கோலுக்குப் பின்னால் நிற்கும் வழிகாட்டியும் திசை சொல்வார்கள். பெனால்டி என்றால் வழிகாட்டி இந்தக் கம்பத்தில் ஒரு தட்டு, அந்தக் கம்பத்தில் ஒரு தட்டு தட்டுவார். டங்... டங்... அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில்தான் கோல். பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை கூட்டம் வாய் திறக்கக் கூடாது. கோல் விழுந்த பிறகு தொண்டை கிழியக் கத்தலாம். நம்மூர் ரசிகர்களுக்கு இதைவிடக் கடுமையான விதி வேறு இருக்க முடியாது.

● இந்த ஆட்டம் 2004 ஏதென்ஸில் பாராலிம்பிக்ஸுக்குள் வந்தது. அன்றிலிருந்து தொடர்ந்து 5 தங்கத்தையும் அள்ளியது பிரேசில். 2024-ல்தான் சங்கிலி அறுந்தது. ஈஃபிள் கோபுரத்தின் காலடியில் நடந்த இறுதிப்போட்டியில் அர்ஜென்டினாவை பெனால்டியில் வீழ்த்திப் பிரான்ஸ் தங்கம் வென்றது.

● செவித்திறன் குறைந்தோர் ஆட்டத்தில் நடுவர் விசிலை மட்டும் நம்பினால் கதை நடக்காது, கொடியும் காட்டுவார். நல்ல காதிலும் 55 டெசிபலாவது குறைபாடு இருந்தால்தான் சர்வதேசப் போட்டியில் ஆடலாம். காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் களமிறங்க வேண்டும். இவர்களுக்கான முதல் உலகப் போட்டி 1924-ல் பாரிஸில் நடந்தது. முதல் பாராலிம்பிக்ஸுக்கு 36 ஆண்டுகள் முன்பே!

● கால் இழந்தோர் கால்பந்துக்கு வித்திட்டவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த டான் பென்னெட். உருண்டு வந்த பேஸ்கெட்பாலை, ஊன்றுகோலில் நின்றபடி உதைத்துப் பார்த்ததில் பிறந்த யோசனை அது. அணிக்கு 7 பேர். களத்தில் ஓடுபவர்களுக்குக் கால் ஒன்று, கோல்கீப்பருக்குக் கை ஒன்று. செயற்கைக் கால் கூடாது. ஊன்றுகோலால் வேண்டுமென்றே பந்தைத் தொட்டால் 'ஹேண்ட்பால்'. பாவம் பார்த்து விட்டுக்கொடுக்கும் ஆட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

● 2022-க்கான ஃபிஃபா புஷ்காஷ் விருது, அதாவது உலகின் மிக அழகான கோலுக்கான விருது, போலந்தின் மார்சின் ஒலெக்சிக்குக் கிடைத்தது. இரண்டு ஊன்றுகோல்களை ஊன்றி, உடலை அந்தரத்தில் சாய்த்து, ஒற்றைக் காலால் பந்தைச் சுழற்றி அடித்தார். இறுதிச் சுற்றில் அவரிடம் தோற்றவர்கள் பிரேசிலின் ரிச்சார்லிசனும் பிரான்ஸின் திமித்ரி பயேயும். இரண்டு கால் உள்ளவர்களுக்கென்று தனிப் பிரிவு வைத்திருந்தால் ஒருவேளை ஜெயித்திருப்பார்கள்.

● 1930-ல் நடந்த முதல் உலகக் கோப்பை இறுதியில் உருகுவேயின் கடைசி கோலை அடித்த ஹெக்டர் காஸ்ட்ரோவுக்கு வலது முன்கை கிடையாது. சிறுவயதில் மின்ரம்பம் பறித்துவிட்டது.

● மோட்டார் சக்கர நாற்காலிக் கால்பந்தை பேஸ்கெட்பால் தளத்தில் ஆடுகிறார்கள். அணிக்கு 4 பேர். ஆண், பெண் என்ற பிரிவே இல்லை. பந்தின் விட்டம் 33 சென்டிமீட்டர். நாற்காலியின் முன்னால் பொருத்திய தடுப்புதான் 'கால்'. வண்டியைச் சட்டென்று சுழற்றினால் பந்து பறக்கும். வேகம் மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பந்தைச் சுற்றி 3 மீட்டருக்குள் அணிக்கு ஒருவர்தான் போகலாம் (தன் கோல் பகுதியில் நிற்கும் கோல்கீப்பருக்கு விலக்கு உண்டு). இல்லாவிட்டால் எட்டு வண்டியும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். சென்னை சிக்னல்களுக்கும் இந்த விதி வந்தால் தேவலை.

● மூளை முடக்குவாதம் உள்ளவர்களின் 7 பேர் ஆட்டத்தில் 'ஆஃப்சைடு' இல்லை. 'த்ரோ-இன்' எறிய முடியாதவர் ஒற்றைக் கையால் உருட்டிவிடலாம். 1984 முதல் பாராலிம்பிக்ஸில் இருந்த இந்த ஆட்டத்தை 2016-க்குப் பிறகு நீக்கிவிட்டார்கள். வருத்தம்தான்.

● இங்கிலாந்தின் உள்ளூர் கிளப்கள் பலவற்றில் எல்லா வகை மாற்றுத்திறனாளிகளும் ஒன்றாக ஆடும் பயிற்சி வகுப்புகள் உண்டு. வாக்கர் பிடித்து நடக்கும் பிள்ளைகளுக்கென்றே தனி ஆட்டமும் இருக்கிறது. பதக்கக் கதைகளைவிட இதுதான் பெரிய வேலை என்பேன். பயிற்சியாளரின் பாடு அப்படி! காது கேளாத பையனுக்கு முதுகைக் காட்டியபடி பேசக் கூடாது. அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு விசில் சத்தம் ஒவ்வாது. அங்கே விசிலைப் பையில் போட்டுக்கொண்டு கையை உயர்த்திக் காட்ட வேண்டும்.