இன்சுலின் குப்பியில் இருக்கும் ‘40’

இன்சுலின் குப்பியின் லேபிளில் ‘40 ஐ.யூ./மி.லி.’ என்று அச்சிட்டிருப்பது மருந்தின் செறிவு. ஒரு மில்லிலிட்டர் மருந்தில் 40 யூனிட் இன்சுலின் இருக்கிறது என்று பொருள். மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக ‘யூ-40’ என்பார்கள். மதுரை ராஜாஜி மருத்துவமனை தொடங்கி உசிலம்பட்டி, மேலூர் வரை அரசு மருத்துவமனைகளில் சுகர் நோயாளிகளுக்குத் தரப்படும் குப்பிகள் பெரும்பாலும் இந்த வகைதான். ஒரு குப்பியில் 10 மி.லி., அதாவது மொத்தம் 400 யூனிட். காலையில் 20, இரவில் 10 என்று போட்டுக்கொள்பவருக்கு ஒரு குப்பி 13 நாள் வரும்.

யூனிட் என்பது மருந்தின் வேலைத்திறனை அளக்கும் கணக்கு. 1920களில் கனடாவின் டொராண்டோவில் இன்சுலினைத் தயாரித்தபோது, எடைபோட்டு அளக்கும் அளவுக்கு அது தூய்மையாகக் கிடைக்கவில்லை. அதனால் 24 மணி நேரம் பட்டினி போட்ட 2 கிலோ முயலுக்கு ஊசி போட்டு, அதன் சர்க்கரை வலிப்பு வரும் அளவுக்கு இறங்க எவ்வளவு மருந்து தேவைப்பட்டது என்று பார்த்தே யூனிட்டை வகுத்தார்கள். பிறகு அந்த அளவில் மூன்றில் ஒரு பங்கு ஒரு யூனிட் ஆனது. இன்று முயலுக்கு வேலையில்லை. மனித இன்சுலின் 0.0347 மில்லிகிராம் இருந்தால் அது ஒரு யூனிட்.

மருத்துவர் ‘20 யூனிட்’ என்று எழுதுவது உடம்புக்குள் போகவேண்டிய மருந்தின் அளவு. அது எத்தனை மி.லி. என்பதைக் குப்பியின் செறிவு முடிவுசெய்கிறது. யூ-40 குப்பியில் 20 யூனிட் என்றால் அரை மி.லி.; யூ-100 குப்பியில் அதே 20 யூனிட் வெறும் 0.2 மி.லி. இதனால்தான் இன்சுலின் சிரிஞ்சும் இரண்டு விதமாக வருகிறது. இந்தியாவில் சிவப்பு மூடி யூ-40க்கு, ஆரஞ்சு மூடி யூ-100க்கு. ஒரு மி.லி. இடத்தைச் சிவப்பு மூடி சிரிஞ்ச் 40 பங்காகவும் ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் 100 பங்காகவும் பிரித்துக் காட்டுகிறது.

இரண்டையும் மாற்றிப் பிடித்தால்தான் ஆபத்து. யூ-40 மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்தால் ஏறுவது 8 யூனிட்தான். சுகர் இறங்காது, ‘ஊசி கேட்கவில்லை’ என்று நோயாளி அலுத்துக்கொள்வார். தலைகீழாக, யூ-100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்தால் 50 யூனிட் ஏறிவிடும். சொன்ன அளவைப்போல இரண்டரை மடங்கு. உயிருக்கே உலை வைக்கக்கூடியது. கடையில் சிவப்பு மூடி தீர்ந்துபோய் ஆரஞ்சு மூடியை வாங்கி வரும்போது இந்தக் குழப்பம் நேரலாம். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் பிள்ளைகள் அங்கிருந்து குப்பி கொண்டுவரும்போதும் நேரலாம். உள்ளூரிலேயே கிளார்ஜின் போன்ற சில இன்சுலின்கள் யூ-100 குப்பியில் கிடைக்கின்றன.

இன்சுலின் பேனாவில் இந்தத் தொல்லை குறைவு. வழக்கமான பேனாவின் 3 மி.லி. கேட்ரிட்ஜில் 300 யூனிட் இருக்கும், அதாவது யூ-100. ஆனால் பேனாவின் திருகு யூனிட்டையே காட்டுவதால் நோயாளி கணக்குப் போட வேண்டியதில்லை. குப்பியில் 20 யூனிட் போட்டவருக்கு, அதே மருந்தானால், பேனாவிலும் 20 யூனிட்தான். ‘பேனா மருந்து ஸ்ட்ராங்’ என்று தாமாகவே குறைத்துக்கொள்வது தவறு. கேட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் மருந்தை உறிஞ்சுவது அதைவிடப் பெரிய தவறு.

அமெரிக்கா 1970களில் யூ-100க்கு மாறத் தொடங்கியது. பிரிட்டன் 1983இல் மாறியது. இந்தியாவில் குப்பிக்கு 40, பேனாவுக்கு 100 என்ற இரட்டை வழக்கம் இன்னும் நீடிக்கிறது. குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு யூனிட் அளந்து போட யூ-40 வசதி என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பார்வை மங்கிய முதியவரிடம் மூடியின் நிறத்தை மட்டும் நம்பச் சொல்வது போதுமான பாதுகாப்பல்ல.

லேபிளில் உள்ள ‘30/70’ வேறு சங்கதி. அதற்கும் செறிவுக்கும் தொடர்பில்லை. விரைவில் வேலைசெய்யும் இன்சுலின் 30 சதவீதமும் மெதுவாக வேலைசெய்யும் என்.பி.எச். இன்சுலின் 70 சதவீதமும் கலந்தது என்று அர்த்தம். அடியில் வெள்ளையாகத் தங்கும் மருந்து சீராகக் கலக்கும்வரை குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது. மதுரையின் சித்திரை, வைகாசி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் குப்பியை வெளியே வைத்தால் மருந்து வீரியம் இழக்கும். ஃபிரிட்ஜ் இருந்தால் 2 முதல் 8 டிகிரிக்குள்; ஃபிரீசரில் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் குப்பியை நனையாமல் வைக்கலாம்.

மருந்துக்கடையில் சிரிஞ்ச் வாங்கும்போது குப்பியையோ அதன் அட்டைப்பெட்டியையோ காட்டி, இரண்டிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஊசிக்குப் பின் வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி, குழப்பம் தோன்றினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, உடனே மருத்துவரிடம் கூட்டிச்செல்ல வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.