கரையும் கல்

அல்சூர் ஏரியை அடுத்தும் சோமேசுவரர் ஆலயத்தைச் சுற்றியும் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரின் காற்று இதமானது. ஆயினும் அந்த இதத்திலே தாகம் தோன்றாமையால், தண்ணீர் அருந்த நாம் மறந்துவிடுகிறோம். சிறுநீர் குறைந்து செறிவடைந்தால் சிறுநீரகத்தில் கல் உண்டாக ஏதுவாகிறது.

கல் என்றதும் பலர் கத்தியை எண்ணி அஞ்சுகின்றனர். ஆனால் எல்லாக் கற்களும் ஓரினம் அல்ல. பெரும்பாலானவை சுண்ணாம்புச் சத்துடையவை. அவை மருந்துக்குக் கரைவதில்லை. பத்தில் ஒன்றளவு யூரிக் அமிலக் கல்; இதுவோ கரையக்கூடியது. 1776-ல் ஷீலே என்னும் இரசாயன அறிஞர் இவ்வமிலத்தைக் கண்டறிந்ததே ஒரு கல்லிலிருந்துதான்.

குளிர்ந்த நீரில் மெல்லக் கரையும் கற்கண்டு வெந்நீரில் விரைந்து கரைகிறதல்லவா? அவ்வாறே, புளிப்பு மிகுந்த சிறுநீரில் படியும் யூரிக் அமிலம், புளிப்புக் குறைந்தால் கரைகிறது. நீரிழிவும் உடற்பருமனும் அப்புளிப்பை மிகுவிப்பன. எனவே மருத்துவர் பொட்டாசியம் சிட்ரேட் அளித்து, சிறுநீரின் பி.எச். அளவை 6.5 முதல் 7 வரை நிறுத்துவார். சில வாரங்களிலோ மாதங்களிலோ கல் கரையலாம். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இம்மருந்து தீங்காகலாம். ஆதலின் தாமாக வாங்கி உண்ணலாகாது. யூரிக் அமிலம் மிகையாயின் அலோபூரினாலும் தரப்படும்.

நாள்தோறும் இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியுமளவு தண்ணீர் அருந்துவது நலம். ஈரல், ஆட்டிறைச்சி, மத்தி, நெத்தலி, மது ஆகியவற்றைக் குறைத்தல் வேண்டும். வாழைத்தண்டு நல்ல உணவே. எனினும் அது சிகிச்சைக்கு ஈடாகாது.

கரையாத கல்லை அதிர்வலையால் உடைக்கலாம். அம்முறை 1980-ல் மியூனிக் நகரில் தொடங்கிற்று. சிறுநீர்ப் பாதை வழியே நுண்குழாய் செலுத்தி லேசரால் பொடியாக்குதலும் உண்டு. கல் வலியுடன் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ கண்டாலும், சிறுநீர் அடைபட்டாலும், ஒரு நாளும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பெங்களூர் விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் சிறுநீரக நோய்களுக்கென்றே அரசு நிலையம் உள்ளது.

யூரிக் அமிலக் கல் சாதாரண எக்ஸ்ரே படத்தில் பெரும்பாலும் தெரிவதில்லை, ஸ்கேனில் தெரியும். வெளிவந்த கல்லை எறிந்துவிடாமல் சோதனைக்குக் கொடுப்போம். எந்த மொழி பேசும் மருத்துவரிடம் சென்றாலும், "இது எவ்வகைக் கல்?" என்று முதலில் கேட்போம். அந்த ஒரு கேள்வி, கத்தியின்றியே நோய் தீர வழிகாட்டக்கூடும்.