ஒரே அலையில் ஆறு கட்டளைகள்

மீஞ்சூரிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். ரிச்சி தெருவில் ரேடியோ விமானத்துக்கு ரிமோட் விலை கேட்டாராம். "நாலு சேனலா, ஆறு சேனலா, பத்து சேனலா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்க, சொல்லத் தெரியாமல் வந்துவிட்டார். சேனல் கூடினால் விமானம் கூடுதல் தூரம் போகுமா, ஆறு சேனலுக்கு ஆறு அலைவரிசை வேண்டுமா என்று கேட்கிறார். தூரமும் கூடாது, ஆறு அலைவரிசையும் தேவையில்லை.

இறக்கை எப்படித் தூக்குகிறது என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்பார். நேரே ரிமோட்டின் கைக்குச்சிகளுக்கு வருகிறேன். விமானத்தில் தனித்தனியாக அசைக்க வேண்டியவை எத்தனையோ, அத்தனை சேனல். இறக்கை ஓரத்து எய்லரான் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும். கிடைவாலின் எலிவேட்டர் மூக்கை ஏற்றி இறக்கும். நிமிர்ந்த வாலின் ரடர் மூக்கை இடம் வலம் திருப்பும். நான்காவது, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில். ஒரு குச்சிக்கு மேல்–கீழ் ஒரு சேனல், இடம்–வலம் ஒரு சேனல் என்று இந்த நான்கும் இரண்டு குச்சிகளில் அடங்கிவிடும். ஐந்தும் ஆறும் சக்கரத்தை மடக்கவோ இறக்கைப் பின்விளிம்பின் ஃபிளாப்பை இறக்கவோ வைக்கும் சுவிட்சுகள்.

எய்லரானே இல்லாமல் மூன்று சேனலில் அழகாகப் பறக்கும் விமானங்களும் உண்டு. அவற்றின் இரு இறக்கைகளும் நுனிப்பக்கம் சற்றே மேல்நோக்கி உயர்ந்திருக்கும். ரடரைத் திருப்பினால் மூக்கு திரும்பும்; வளைவின் வெளிப்பக்க இறக்கை காற்றைக் கூடுதல் கோணத்தில் சந்தித்து மேலெழும்; விமானம் தானாகவே சாய்ந்து வளையும். 1950-களில் ஒரே சேனலில் பறக்கவிட்டவர்கள் இருந்தார்கள். கையில் ஒரு பொத்தான் மட்டும். விமானத்துக்குள் முறுக்கிவைத்த ரப்பர் வளையம்தான் ரடரை அசைக்கும் விசை. ஒருமுறை அழுத்திப் பிடித்தால் ஒரு பக்கம், இருமுறை அழுத்தினால் மறுபக்கம். ரப்பரின் முறுக்கு தீர்ந்தால் கட்டுப்பாடும் தீர்ந்தது.

இனி எனக்கு மிகப் பிடித்த இடம். ஒரே அலையில் ஆறு கட்டளைகள் எப்படிக் கலக்காமல் போய்ச் சேருகின்றன?

மீஞ்சூர் நடைமேடையில் கும்மிடிப்பூண்டி வண்டி கடந்து போவதைப் பார்த்தாலே இது பிடிபட்டுவிடும். தண்டவாளம் ஒன்றுதான். பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. வண்டி முழுதும் போனபின் நீண்ட இடைவெளி. அதன்பிறகு வருவது புது வண்டி. முதல் பெட்டியிலிருந்து மறுபடி எண்ணலாம். மகளிர் பெட்டி எத்தனையாவது என்று தெரிந்தவர், பலகையைப் படிக்காமலே சரியான இடத்தில் நின்றுகொள்வார்.

பழைய ரிமோட்டுகள் அனுப்பியது இப்படியொரு தொடரைத்தான். ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு துடிப்பு. அதன் நீளம் 1 மில்லிவினாடியிலிருந்து 2 மில்லிவினாடி வரை. குச்சி நடுவில் நின்றால் 1.5, ஒரு கோடிக்குத் தள்ளினால் 1, மறுகோடிக்கு 2. நீளம்தான் செய்தி. எட்டுச் சேனலும் முழு நீளத்தில் வந்தாலும் 16 மில்லிவினாடிதான் ஆகும். ஒரு தொடருக்கு ஒதுக்கியதோ 22.5. மிச்சமிருக்கும், குறைந்தது 6.5 மில்லிவினாடி மௌனத்தைக் கேட்டதும் 'வண்டி முடிந்தது, அடுத்தது ஒன்றாம் சேனல்' என்று விமானத்திலுள்ள ரிசீவர் புரிந்துகொள்ளும். வினாடிக்கு ஏறக்குறைய 44 தொடர்கள். எந்தத் துடிப்பிலும் பெயர் கிடையாது. வரிசையில் அதன் இடமே அதன் அடையாளம். அந்த மௌனம் இல்லாவிட்டால் எலிவேட்டர் எது, ரடர் எது என்று சொல்ல வழியே இல்லை. இவ்வளவு சிக்கனமான ஏற்பாட்டை யோசித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

வரிசை எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றல்ல. ஃபுட்டாபா முறையில் எய்லரான், எலிவேட்டர், திராட்டில், ரடர். ஜே.ஆர். முறையில் திராட்டில் முதலில் வரும். ரிசீவரில் வயர் செருகும் முன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரிசீவர் பிரித்துக் கொடுக்கும் துடிப்பை வாங்கி எய்லரானையோ ரடரையோ அசைப்பது சர்வோ. ரிச்சி தெருவில் நீல நிறத்தில் கிடைக்கும் 9 கிராம் சர்வோவைத் திறந்து பார்த்தால் ஒரு குட்டி மோட்டார், பல்சக்கரங்கள், சர்வோவின் கை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று காட்டும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர். கேட்ட நீளமும் நிற்கும் கோணமும் ஒத்துப்போகும்வரை மோட்டார் சுழலும், பிறகு நிற்கும். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் குச்சியின் நிலையை எண்ணாக்கி அனுப்புகின்றன. ஆனால் ரிசீவரிலிருந்து சாதாரண சர்வோவுக்குப் போவது இன்றும் அதே 1–2 மில்லிவினாடித் துடிப்புதான். முன்பு ஒரே அலைவரிசையில் இருவர் ரிமோட்டைப் போட்டால் விமானம் விழுந்துவிடும். இப்போது அலைவரிசை விட்டு அலைவரிசை தாவும் முறைகள் அந்தச் சண்டையைத் தீர்த்துவிட்டன. இப்படித் தாவும் முறை ஒன்றுக்கு 1942-இல் காப்புரிமை பெற்றவர்கள் நடிகை ஹெடி லாமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலும். ரேடியோவால் செலுத்தும் டார்ப்பிடோவுக்காக 88 அலைவரிசைகளில் தாவும்படி அமைத்திருந்தார்கள்.

கடையில் சேனல் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஃபெயில்சேஃப் பற்றி யாரும் சொல்வதில்லை. எனக்கு வருத்தம் தருவது இதுதான். சிக்னல் அறுந்தால் ஒவ்வொரு சேனலும் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே பதிந்துவைப்பது ஃபெயில்சேஃப். சில ரிசீவர்கள் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டு நிற்கும். அது முழு வேகமாக இருந்தால், சுழலும் புரொபெல்லரோடு விமானம் எங்கு வேண்டுமானாலும் போகும். திராட்டில் பூஜ்யத்துக்கு இறங்கும்படி அமைத்துவிட்டு, புரொபெல்லரைக் கழற்றி வைத்து, மோட்டார் ஓடும்போது ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நின்றால் மட்டும் வயலுக்குப் போங்கள்.

நம் பக்கத்தில் இது இன்னும் முக்கியம். வல்லூர், வடசென்னை அனல்மின் நிலையங்களிலிருந்து புறப்படும் உயரழுத்தக் கம்பிகள் வயல்களுக்கு மேலே ஓடுகின்றன. விமானம் கம்பியிலோ கோபுரத்திலோ சிக்கினால் அதை மறந்துவிட வேண்டும். ஏறக் கூடாது, கழியால் தட்டவும் கூடாது. துறைமுகங்களும் அருகில் இருப்பதால், பறக்கும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் இடம் பச்சை மண்டலமா என்று பாருங்கள். 2021 டிரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி தேவையில்லை. 250 கிராமுக்கு உட்பட்ட விமானத்துக்கு விமானிச் சான்றிதழும் வேண்டாம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. தானே சமநிலை பிடிக்கும், பெட்டியில் தயாராக வரும் டிரோனை வாங்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளை தொழில்நுட்பம் கற்கிறான் என்று நினைக்கிறோம். சர்வோக் கம்பியைத் தன் கையால் வளைத்து மாட்டிய பிள்ளைக்குத்தான் எலிவேட்டர் ஏன் அசைகிறது என்று தெரியும். என்.சி.சி. வான்படைப் பிரிவில் விமான மாதிரிப் பயிற்சி பாடத்திலேயே இருக்கிறது.  பள்ளிகளில் இதற்கென வாங்கிய சாமான்களைப் பூட்டி வைக்காமல் சனிக்கிழமைகளில் திறந்துவிட்டால் போதும்.

கடிதம் எழுதிய தம்பிக்கு: ரிமோட் ஆறு சேனலாக வாங்குங்கள், அது பல ஆண்டு உதவும். முதல் விமானத்தை சன்போர்டு என்ற நுரைப்பலகையில் மூன்று சேனலுக்குச் செய்யுங்கள். ரடர் சர்வோவை எய்லரான் சேனலில் செருகிக்கொள்ளுங்கள்; பின்னால் நான்கு சேனலுக்கு மாறும்போது, வலக்கைக் குச்சியில் திரும்பிப் பழகிய கை மாற வேண்டியிருக்காது. கடற்காற்று எழும் முன் காலையிலேயே பறக்கவிடுங்கள். விமானம் உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளினால் அது நிமிரும்.