கோமல் ஆற்றின் பிள்ளை: டெக்சாஸின் ஷ்லிட்டர்பான்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோவுக்கும் ஆஸ்டினுக்கும் இடையில் உள்ள நியூ பிரான்ஃபெல்ஸ் நகரில் 1979ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நீர் விளையாட்டுப் பூங்கா ஷ்லிட்டர்பான். ஆர்லாண்டோவின் வெட் அண்ட் வைல்டு நீர்ப் பூங்காவுக்கு இது இரண்டு வயது இளையது. அதைத் தொடங்கிய ஜார்ஜ் மில்லே, அதற்கு முன்பே சீ வேர்ல்டை உருவாக்கிப் பெரும் கேளிக்கைத் தொழிலில் பழகியவர். ஷ்லிட்டர்பானுக்கோ அப்படிப்பட்ட முதலீட்டுப் பின்னணி எதுவும் இல்லை. ஆற்றங்கரையில் விடுதி நடத்திய ஒரு குடும்பம், வாசலில் ஓடிய நீரைக் கொண்டு கட்டிய பூங்கா இது. நீர் விளையாட்டுத் துறையின் முக்கியமான கண்டுபிடிப்புகள் சில இந்தச் சிறுநகரத்திலிருந்துதான் உலகெங்கும் பரவின.

அந்த நீரின் கதையை முதலில் அறிய வேண்டும். மத்திய டெக்சாஸின் அடியில் எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர்த்தேக்கம் பரந்து கிடக்கிறது. சல்லடை போலத் துளை விழுந்த சுண்ணாம்புப் பாறைகளில் மழைநீர் இறங்கிச் சேர்கிறது. பாறை அடுக்குகள் பிளந்து கிடக்கும் இடங்களில் அது ஊற்றுகளாக மேலெழுகிறது. அவ்வாறு எழுபவற்றில் டெக்சாஸிலேயே மிகப் பெரியவை கோமல் ஊற்றுகள். அவற்றில் பிறக்கும் கோமல் ஆறு ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓடி, நகர எல்லையைத் தாண்டாமலே குவாடலூப் ஆற்றில் கலந்துவிடுகிறது. நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 22, 23 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கிறது. கோடையில் வெயில் 38 டிகிரியைத் தொடும் ஊரில் இப்படியொரு ஆறு ஓடினால் மக்கள் அதில் இறங்காமல் இருப்பார்களா?

இந்த ஊற்றுகள் வற்றாதவை என்று சொல்லிவிட முடியாது. 1950களின் நெடிய வறட்சியின்போது, 1956இல் கோமல் ஊற்றுகள் மாதக்கணக்கில் அடியோடு நின்றுபோயின. சான் அன்டோனியோ போன்ற பெருநகரங்கள் இதே நிலத்தடி நீரைத்தான் இறைத்துக் குடிக்கின்றன. கோமல் ஊற்றுகளை நம்பி வாழும் சிறு மீன்களும் வண்டுகளும் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றைக் காக்கத் தொடுக்கப்பட்ட வழக்கின் விளைவாக, நீர் இறைப்பதைக் கட்டுப்படுத்தும் எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர் ஆணையத்தை 1993இல் டெக்சாஸ் சட்டமன்றம் ஏற்படுத்தியது. பூங்கா பயன்படுத்தும் ஆறு இன்று ஓடிக்கொண்டிருப்பதில் அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

நகரத்தை நிறுவியவர்கள் ஜெர்மானியர்கள். 1845இல் இளவரசர் கார்ல் அழைத்து வந்த குடியேறிகள், அவருடைய சொந்த மண்ணான பிரான்ஃபெல்ஸின் பெயரையே புதிய ஊருக்கும் இட்டனர். லாண்டா என்ற வணிகக் குடும்பம் ஊற்றுகளை ஒட்டிய நிலத்தில் ஆலைகள் நடத்தியது. அந்த நிலம் மெல்ல உல்லாசப் பயணிகள் கூடும் சோலையாயிற்று. 1936இல் நகராட்சி அதை வாங்கி லாண்டா பூங்கா என்ற பொதுப் பூங்காவாக்கியது. ரப்பர் டியூபில் அமர்ந்து ஆற்றோடு மிதந்து போவது உள்ளூர் மக்களின் கோடை வழக்கமாக வேரூன்றியது.

1966இல் பாப் ஹென்றி, பில்லி ஹென்றி தம்பதி ஆற்றங்கரையில் இருந்த கேம்ப் லாண்டா விடுதியை வாங்கினர். கேரி, ஜெஃப், ஜானா என மூன்று பிள்ளைகளும் விடுதி வேலைகளோடு வளர்ந்தார்கள். விருந்தினருக்குப் பொழுதுபோக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் 1979இல் நான்கு நீர்ச் சறுக்குகள் அமைக்கப்பட்டன. ஜெர்மனியின் பிரான்ஃபெல்ஸ் கோட்டையில் உள்ள கோபுரத்தின் சாயலில் ஒரு கோபுரம் எழுப்பி, அதிலிருந்து சறுக்குகளை இறக்கினார்கள். பூங்காவின் பெயரும் ஜெர்மன் பெயரே.

இந்தப் பழைய பகுதிதான் ஷ்லிட்டர்பானின் உயிர். கோமல் ஆற்றிலிருந்து பம்புகள் நீரை மேட்டுக்கு ஏற்றுகின்றன. குளோரின் கலக்காத அந்த நீர் கான்கிரீட் கால்வாய்கள் வழியே இறங்கி மறுபடியும் ஆற்றிலேயே சேர்கிறது. அடுத்து வந்த ஆண்டுகளில் இங்கே கட்டப்பட்ட டியூப் சறுக்குகள் மற்றப் பூங்காக்களின் வழுவழுப்பான ஃபைபர் குழாய்களைப் போன்றவை அல்ல. மலைச்சரிவின் வளைவு நெளிவுக்கு ஏற்ப, பெரிய மரங்களை வெட்டாமல் அவற்றைச் சுற்றிக் கால்வாய்கள் வெட்டப்பட்டுள்ளன. ஓரிடத்தில் நீர் தேங்கிச் சுழலும், இன்னோரிடத்தில் சட்டென்று பள்ளத்தில் பாயும். பத்து விநாடியில் முடிந்துவிடும் சறுக்கும் இங்கு உண்டு. அரை மணி நேரம் வரை மிதந்து, நிஜமான ஆற்றிலேயே போய் இறங்கும் சறுக்கும் உண்டு. நீர் விளையாட்டுப் பூங்காக்களில் மணிக்கணக்கில் வரிசையில் நின்று, நொடிக்கணக்கில் விளையாடித் திரும்புவதே வழக்கம். அந்தக் குறையை இந்த நீண்ட கால்வாய்கள் பெருமளவு போக்கின. பூங்காவின் ஆகச் சிறந்த சாதனை இதுவே என்று துணிந்து சொல்லலாம்.

1990களில் பூங்கா தெருக்களைத் தாண்டிப் புதிய நிலத்துக்கு விரிந்தது. பழைய பகுதிக்கும் புதிய பகுதிக்கும் இடையே வாகனத்தில் சென்றுவர வேண்டிய அளவுக்கு இடைவெளி உண்டு. 1991இல் அங்கு வந்த பூகி பான், கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள ஊரில் அலைச்சறுக்கைச் சாத்தியமாக்கியது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டாம் லாக்டெஃபெல்ட் இதைக் கண்டுபிடித்தார். அலை வடிவில் மெத்தென்று அமைத்த மேடைமீது, மெல்லிய படலமாக நீரை வேகத்துடன் பம்புகள் செலுத்தும். அலை இருந்த இடத்திலேயே நிற்கும். பலகையில் இருப்பவர் எதிர்நீரில் சறுக்கியபடியே இருப்பார். இன்று சொகுசுக் கப்பல்களின் மேல்தளத்தில் காணப்படும் செயற்கை அலைமேடைகளுக்கு இதுவே மூத்தது.

அதைவிடப் பெரிய மாற்றம் 1994இல் நேர்ந்தது. அதுவரை நீர்ச் சறுக்கு என்றால் உயரத்தில் ஏறிக் கீழே வழுக்குவது மட்டுமே. டிராகன் பிளாஸ்டர் என்ற சறுக்கில் ஜெஃப் ஹென்றியும் அவருடைய குழுவினரும் அந்த விதியை மாற்றினர். ஏற்றம் தொடங்கும் இடத்தில் குறுகிய வாய்கள் வழியே உயர் அழுத்தத்தில் நீர் பீய்ச்சப்படும். அந்த வேகத்தில் டியூப், ஆளைச் சுமந்தபடி மேட்டில் ஏறும், அடுத்த பள்ளத்தில் பாயும், மறுபடி ஏறும். ரோலர் கோஸ்டருக்கு இருப்பதுபோல ஏற்ற இறக்கம் நீரிலும் வந்துவிட்டது. 1996இல் இதே முறையில் ஆறு மாடி உயரத்தில் மாஸ்டர் பிளாஸ்டர் அமைந்தது. குடும்பத்தின் என்.பி.ஜி.எஸ். நிறுவனம் இந்தத் தொழில்நுட்பத்தை மற்றப் பூங்காக்களுக்கும் விற்றது. இன்று பெரிய நீர்ப் பூங்காக்கள் பலவற்றில் மேல்நோக்கி ஏறும் சறுக்கு ஒன்று இருக்கும். அவற்றின் மூலம் நியூ பிரான்ஃபெல்ஸ்தான்.

வரிசையில் நிற்பதையே ஒழிக்க வேண்டும் என்பது ஜெஃப் ஹென்றியின் அடுத்த கனவு. சறுக்கி முடித்தவர் நீரைவிட்டு எழாமலே, டியூபோடு கன்வேயர் பெல்ட்டில் ஏறி அடுத்த சறுக்கின் தொடக்கத்துக்குப் போக வேண்டும் என்று அவர் திட்டமிட்டார். நியூ பிரான்ஃபெல்ஸில் 2011இல் திறக்கப்பட்ட, 3,600 அடி நீளமுள்ள தி ஃபால்ஸ் இந்த எண்ணத்தில் விளைந்ததே. பார்வையாளர்கள் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து மரநிழலில் அமர்ந்து உண்ணலாம் என்ற ஏற்பாடு, நடுத்தரக் குடும்பங்களை ஆண்டுதோறும் இழுத்துவந்தது. கேளிக்கைத் துறை இதழான அம்யூஸ்மென்ட் டுடே 1998இல் வழங்கத் தொடங்கிய கோல்டன் டிக்கெட் விருதுகளில், சிறந்த நீர்ப் பூங்கா என்ற பரிசு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கேயே வந்தது.

வெற்றி விரிவாக்கத்தைத் தூண்டியது. 2001இல் சவுத் பாட்ரே தீவிலும், 2006இல் கால்வெஸ்டனிலும் கிளைகள் எழுந்தன. கால்வெஸ்டனில் 2016இல் திறந்த மாசிவ், 81 அடி உயரத்துடன் உலகின் உயரமான நீர் ரோலர் கோஸ்டர் என்ற சாதனையைப் பெற்றது. கான்சாஸ் மாநிலத்தின் கான்சாஸ் சிட்டியில் 2009இல் திறந்த கிளைதான் குடும்பத்தின் வரலாற்றைத் திருப்பிப் போட்டது.

அங்கே 2014 ஜூலையில் திறக்கப்பட்ட ஃபெர்ரூக்ட் என்ற சறுக்கின் உயரம் 168 அடி 7 அங்குலம். உச்சியை அடைய 264 படிகள் ஏற வேண்டும். மூவர் அமரும் ரப்பர் மிதவை அங்கிருந்து செங்குத்தாக விழுந்து, அடுத்த மேட்டில் ஏறி மீண்டும் இறங்கும். அந்த மேட்டில் மிதவையைத் தள்ளியதும் பிளாஸ்டர் நீர்ப்பாய்ச்சல்தான். வடிவமைத்த ஜெஃப் ஹென்றி, ஜான் ஸ்கூலி இருவருக்கும் பொறியியல் பட்டம் கிடையாது. மணல் மூட்டைகளை வைத்துச் சோதித்தபோது மிதவைகள் தடத்தைவிட்டுப் பறந்ததால் சறுக்கின் ஒரு பகுதியை இடித்துக் கட்டினார்கள், திறப்பும் தள்ளிப்போயிற்று. மேலே இரும்பு வளையங்களில் வலை கட்டப்பட்டது. 2016 ஆகஸ்ட் 7 அன்று மிதவை இரண்டாவது மேட்டில் எழும்பியபோது, பத்து வயதுச் சிறுவன் ஒருவன் மேலிருந்த வளையத்தில் மோதி உயிரிழந்தான். உடன் சென்ற இரண்டு பெண்கள் காயமடைந்தனர்.

இது வெறும் துரதிர்ஷ்டம் என்று கடந்துபோகக் கூடியதல்ல. சிறிய சறுக்கில் செய்து பார்த்துத் திருத்திக்கொள்ளும் முறை பலன் தந்தது. பதினேழு மாடி உயரத்தில் கணக்கீடுதான் முதலில் வர வேண்டும். உலக சாதனைக்கான அவசரத்தில் அது பின்னுக்குப் போனது. அரசுக் கண்காணிப்பும் தளர்வாகவே இருந்தது. பூங்காக்கள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ளக் கான்சாஸ் சட்டம் இடம் கொடுத்திருந்தது. விபத்துக்குப் பின், தகுதி பெற்ற ஆய்வாளரின் சோதனையை 2017இல் அம்மாநிலம் கட்டாயமாக்கியது. 2018இல் சறுக்கு இடிக்கப்பட்டது. பூங்காவும் அந்தப் பருவத்தோடு மூடப்பட்டது. வடிவமைப்பாளர்கள் உள்ளிட்டோர்மீது 2018இல் தொடரப்பட்ட குற்ற வழக்கை, சாட்சியம் முறையாக முன்வைக்கப்படவில்லை என்று கூறி 2019இல் நீதிபதி தள்ளுபடி செய்தார்.

அதே 2019இல் நியூ பிரான்ஃபெல்ஸ், கால்வெஸ்டன் பூங்காக்களை சீடர் ஃபேர் நிறுவனம் 26 கோடியே 10 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஹென்றி குடும்பத்தின் நாற்பதாண்டு நிர்வாகம் அத்துடன் முடிந்தது. 2024 ஜூலையில் சீடர் ஃபேர், சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனத்துடன் இணைந்தது.

கோடைக்காலத்தை ஒட்டியே நியூ பிரான்ஃபெல்ஸ் பூங்கா இயங்குகிறது. டெக்சாஸில் உறவினர் வீட்டுக்குக் கோடையில் செல்வோர் ஒரு நாள் ஒதுக்கிப் போய்வரலாம். இரண்டு பகுதிகளையும் ஒரே நாளில் முழுதாகப் பார்த்துவிட முடியாது. எனவே ஆற்றுநீர் ஓடும் பழைய பகுதியைக் காலையிலேயே தொடங்கிவிடுவது நல்லது. வேறு பூங்காக்களில் கிடைக்காதது அங்கேதான் இருக்கிறது.