புகையை எரித்து வெந்நீர் வைக்கலாம்

ஒரு மெழுகுவத்தியை ஏற்றுங்கள். ஒரு நிமிடம் எரியவிட்டு ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை இழை எழும். எரியும் தீக்குச்சியை அந்த இழையில், திரிக்கு ஒரு விரல் மேலே காட்டுங்கள். தீ புகையைப் பிடித்துக்கொண்டு இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். புகை என்பது எரியாமல் தப்பிய எரிபொருள். கொல்லையில் வெந்நீர் அடுப்பின் புகை உங்கள் கண்ணைக் கசக்க வைக்கிறதே, அது நீங்கள் வெட்டிக் காயவைத்த விறகில் ஒரு பங்கு.

அப்படியானால் விறகு எரிவதில்லையா? சூடானதும் கட்டையிலிருந்து முதலில் ஈரம் போகிறது. 250, 300 டிகிரியைத் தாண்டினால் கட்டையே ஆவியாகப் பிரிகிறது. தீ என்று நாம் பார்ப்பது இந்த ஆவி காற்றோடு கலந்து எரிவதைத்தான். எடையில் முக்கால் பங்கு இப்படிப் போய்விடும், மிச்சம் கரி. ஆவியை ஓரிடத்தில் எழுப்பி இன்னோரிடத்தில் முழுதாக எரிப்பதுதான் வாயுவாக்க முறை (வாயுவாக்கம்: விறகைக் குறைந்த காற்றில் கருக்கி வாயு எடுப்பது).

இது புது விஷயமா? இல்லை. இரண்டாம் உலகப்போரின் பெட்ரோல் பஞ்சத்தில் நம் ஊர்களில் ஓடிய கரி பஸ் இதன் உறவுதான். ஆஸ்திரியா, ஜெர்மனி போன்ற குளிர் நாடுகளில் வீடு முழுவதையும் சூடாக்க இந்த முறையில் பெரிய பாய்லர்கள் உண்டு. அவற்றில் விசிறி தீயைக் கீழ்நோக்கி இழுக்கும், கிடைத்த சூடு பெரிய தொட்டியில் வெந்நீராகச் சேமிக்கப்படும். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு வாளி வெந்நீருக்கு இரண்டு தகர டப்பாக்கள் போதும்.

எப்படிச் செய்வது? நான்கு லிட்டர் பெயின்ட் டப்பா ஒன்று, அதற்குள் சுற்றிலும் இடைவெளி விட்டு நிற்கும் ஒரு கிலோ பால்பவுடர் டப்பா ஒன்று. உள் டப்பாவின் அடியில் 5 மில்லிமீட்டர் அளவில் 20 ஓட்டைகள். அதன் வாயிலிருந்து இரண்டு விரல் கீழே, சுற்றிலும் 8 மில்லிமீட்டர் அளவில் 30 ஓட்டைகள். வெளி டப்பாவின் அடியோரத்தில் காற்று தாராளமாக நுழையப் பெரிய ஓட்டைகள். வெளி டப்பாவின் மூடியில் வட்டம் வெட்டி, உள் டப்பா அதில் இறுகத் தொங்குமாறு பொருத்துங்கள். உள் டப்பாவின் அடி, வெளி டப்பாவின் அடித்தகட்டிலிருந்து ஓர் அங்குலம் மேலே நிற்கட்டும்.

இரண்டு வரிசை ஓட்டை எதற்கு? அடியில் நுழையும் கொஞ்சக் காற்று விறகைக் கருக்கும். டப்பாக்களின் இடைவெளியில் சூடாகி மேல் ஓட்டைகள் வழியே வரும் காற்று வாயுவை எரிக்கும். கீழே ஒரு பங்கென்றால் மேலே நான்கு பங்கு. இந்தக் கணக்குப் பிடிபட்டால் அடுப்பு பிடிபட்டது.

பற்றவைப்பதில்தான் எல்லோரும் தவறுகிறோம். முதல் நாள் நானும் பழக்கதோஷத்தில் அடியில் நெருப்பை வைத்து மேலே துண்டுகளைக் கொட்டினேன். கொல்லை முழுக்க மஞ்சள் புகை. பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்து, “என்னப்பா தம்பி, கொசு விரட்டுறியா?” என்றார். செய்ய வேண்டியது நேர்மாறு: உள் டப்பாவில் முக்கால்வாசி விறகு நிரப்பி, மேலே காய்ந்த பன்னாடையோ சருகோ வைத்து, உச்சியில் பற்றவைக்க வேண்டும். நெருப்பு மேலிருந்து கீழே மெதுவாக இறங்கும். வாயு அதைக் கடந்து மேலே வரும்.

சரியாக எரிகிறதா என்று எப்படித் தெரியும்? இரண்டு மூன்று நிமிடத்தில் மேல் ஓட்டை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தீநாக்கு நடுவை நோக்கி நீளும், கேஸ் அடுப்பின் பர்னரைப் போல. விறகின்மேல் தீ இராது, அது கறுத்துக் கிடக்கும். மேலே புகை தெரியாது, காற்று மட்டும் அலையலையாக நெளியும்.

இப்படி முதல் நாளே அமையாது. புகை வந்து தீயே நிற்கவில்லையா? பெரும்பாலும் ஈர விறகு, இல்லையென்றால் காற்றடித்துத் தீ அணைந்திருக்கும். மறைப்பு வைத்து, புகைமேல் ஒரு தீக்குச்சியைக் காட்டுங்கள், திரும்பப் பிடித்துக்கொள்ளும். தீ ‘புஸ்’ஸென்று உயர எழுந்து பத்து நிமிடத்தில் விறகு தீர்ந்துபோகிறதா? அடிக்காற்று அதிகம், சில ஓட்டைகளைக் களிமண்ணால் அடையுங்கள். தீ மஞ்சளாகச் சோம்பி, பாத்திரம் கரிபிடிக்கிறதா? மேல்காற்று போதவில்லை அல்லது கலக்கவில்லை. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை வெட்டிய தகர வட்டத்தை உள் டப்பாவின் வாயில் வையுங்கள், வாயுவும் காற்றும் நெருங்கிக் கலக்கும். அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்குத் தகரக் குழாய் நிறுத்தினால் இழுப்பு கூடும். பாத்திரத்துக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டு விரல் சந்து விடுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஓட்டைகளையும் முதலில் சிறிதாகவே போடுங்கள், பெரிதாக்குவது எளிது.

என்ன விறகு? கட்டைவிரல் அளவுத் துண்டுகள், ஏறக்குறைய ஒரே அளவில். கொட்டாங்கச்சிச் சில்லு அருமை. சீமைக்கருவேலம், சவுக்கு, மக்காச்சோளச் சக்கை எல்லாம் நடக்கும். மரத்தூள் நடக்காது, காற்றுக்கு வழியில்லை. காய்ந்ததா என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது. ஒரு கிலோவை நிறுத்து மொட்டைமாடியில் பரப்புங்கள். எடை குறைவது நிற்கும்வரை காயட்டும்.

எவ்வளவு விறகு செலவாகும்? 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 50-க்கு ஏற்ற, பாதிச் சூடு வீணானாலும்கூட, அரைக் கிலோவுக்குள் முடியும்.

சமையலுக்கு ஆகாதா? ஆகும், ஆனால் நான் சொல்லமாட்டேன். நடுவில் விறகு போட முடியாது. போட்டால் புகை. தீயைக் கூட்டிக் குறைப்பதும் கஷ்டம். குளிக்கிற வெந்நீர் ஒரே மூச்சில் முடிகிற வேலை, அதற்குத்தான் இது பொருத்தம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் பி.பி. எண்ணெய் நிறுவனமும் இதே முறையில் உருவாக்கிய ‘ஊர்ஜா’ சமையல் அடுப்பு 2006-ல் விற்பனைக்கு வந்தது, தமிழ்நாட்டிலும் விற்றார்கள். விசிறி வைத்த நல்ல அடுப்பு. ஆனால் அதற்கென்று விற்ற எரிதுண்டுகளின் விலை ஏறியதும் பல வீடுகளில் அது மூலைக்குப் போனது. உங்கள் கொல்லையில் கிடைப்பதை எரிக்க முடிந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

ஆபத்து உண்டா? உண்டு. இதிலிருந்து வரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு (வாசனையற்ற நச்சுவாயு) இருக்கிறது. வீட்டுக்குள்ளோ மூடிய குளியலறையிலோ ஒருபோதும் வேண்டாம், திறந்தவெளியில் மட்டும். ஜி.ஐ. தகரம் (துத்தநாகப் பூச்சுள்ளது) சூட்டில் நச்சுப்புகை விடும், அதைத் தொடாதீர்கள். பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை வேண்டாம். தண்ணீர்ப் பாத்திரத்தை இறுக மூடவே கூடாது. கொதித்தால் தண்ணீர் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்கு விரியும். தினமும் எரித்தால் உள் டப்பாவின் அடி சில மாதங்களில் கருகி உதிரும், அதனால் மாதமொருமுறை தட்டிப் பாருங்கள்.

எப்போது நிறுத்துவது? நீண்ட தீ சட்டென்று சுருங்கி, கரியின்மேல் சின்ன நீலத்தீ ஓடினால் வாயு தீர்ந்துவிட்டது. அந்தக் கட்டத்தில்தான் நச்சுவாயு அதிகம். டப்பாவைக் கிடுக்கியால் பிடித்து, கரியை மண் சட்டியில் கொட்டி மூடிவிடுங்கள். மறுநாள் காலை வரை திறக்க வேண்டாம், காற்றுப்பட்டால் மறுபடி கனன்றுவிடும். எங்கள் தெரு முனையில் இஸ்திரி போடுபவர் வாரம் ஒருமுறை வந்து சட்டியைப் பார்த்துவிட்டுப் போகிறார். கொட்டாங்கச்சிக் கரி இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்வார்.