நிலை வைக்குமுன் கூரையை அண்ணாந்து பாருங்கள்

வீடு கட்டத் தொடங்கும் குடும்பங்களோடு பேசும்போது அத்திவாரத்தின் ஆழம், சீமெந்தின் கலவை, கூரை மரத்தின் விலை என்று பல கேள்விகளை எம்மிடம் கேட்பார்கள். அறைக் கதவு எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும் என்று கேட்பவர் குறைவு. அதை மேசனார் பார்த்துக்கொள்வார் என்பதே பலரது எண்ணம். மேசனாரோ கடைசியாகத் தான் கட்டிய வீட்டில் வைத்த அளவையே இங்கும் வைத்துவிடுவார். அந்த வீட்டின் கூரை உயரம் வேறு, உங்கள் வீட்டினது வேறு.

2012 முதல் வடக்குக் கிழக்கில் பெருந்தொகையாகக் கட்டப்பட்ட இந்திய வீட்டுத்திட்ட வீடுகள் 550 சதுர அடி கொண்டவை. பயனாளியே முன்னின்று கட்டுவித்த வீடுகள் அவை. அவற்றுக்குப் பின்னர் எழுந்த வீடுகளும் ஏறத்தாழ அந்த அளவே. இத்தகைய சிறிய வீட்டில் கதவின் உயரம் நான்கு அங்குலம் கூடிக் குறைந்தாலும் அது அன்றாடம் தெரியும்.

பொதுவான கணக்கு இதுதான். சீலிங் 8 அடியில் வரப்போகிறதென்றால் உள்நிலை 6 அடி 8 அங்குலம் போதும். நிலைக்கு மேல் 6 அங்குல லின்டல் போட்டபின் 10 அங்குலச் சுவர் மிஞ்சும். சீலிங் 9 அடியானால் நிலையை 7 அடிக்கு உயர்த்தலாம். 10 அடிக்கு மேலே போனாலும் கதவை வளர்க்கவேண்டியதில்லை. 7 அடியோடு நிறுத்தி, அதற்கு மேலே ஓர் அடி அல்லது ஒன்றரை அடிக்குக் காற்றுத் துவாரம் விடுங்கள். சூடான காற்று மேலேதான் தேங்கும். கதவுத் தலைக்கு மேலே வழியில்லாவிட்டால் கதவைத் திறந்து வைத்தாலும் அது அறையை விட்டுப் போகாது. தகரமோ சீற்றோ போட்ட வீட்டில் பங்குனி, சித்திரை மாதங்களில் படுத்தவர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

சீலிங் போட இப்போது பணமில்லை, பிறகு பார்க்கலாம் என்பவர்களும் அது எந்த உயரத்தில் வரும் என்பதை இன்றே தீர்மானித்துவிட வேண்டும். பின்னர் சுவரை உடைத்து நிலையை மாற்றுவது வீண் செலவு. கதவு, யன்னல் இரண்டினதும் தலை ஒரே மட்டத்தில் இருந்தால் லின்டலுக்குப் பலகை அடிப்பது சுலபம். பார்வைக்கும் நன்று.

இனி எமது பக்கத்துத் தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். நாம் அடிக்கடி போய்ப் பார்த்துவந்த ஒரு வீட்டில், நிலத்துக்குக் கொங்கிறீற் போடுமுன்பே 6 அடி 8 அங்குல நிலைகளை வைத்துவிட்டார்கள். நாமும் பார்த்துக்கொண்டு நின்றோம், ஒன்றும் தோன்றவில்லை. நிலையின் மேல்மரம் 3 அங்குலம். பிறகு போட்ட கொங்கிறீற்றும் பூச்சும் மூன்றரை அங்குலம். கடைசியில் ஆள் போகக் கிடைத்த வழி 6 அடி ஒன்றரை அங்குலம்! அந்த வீட்டுக்காரர் நெல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சாமான் அறைக்குள் நுழைய, மூட்டை மேல்மரத்தில் இடித்து ஆளையே பின்னுக்குத் தள்ளியது. ஆகவே முடிந்த நிலமட்டத்தை முதலில் சுவரில் கோடிட்டுக்கொண்டு, அந்தக் கோட்டிலிருந்தே அளவெடுங்கள். நெல்லும் வெங்காயமும் வைக்கும் அறைக்கு, மற்ற அறைகள் எப்படியிருந்தாலும், உயரமான கதவே வேண்டும். ஐந்தரை அடி மனிதர் தலையில் மூட்டையோடு வந்தால் ஏறத்தாழ 7 அடி வரும்.

கல்லின் அளவையும் கவனியுங்கள். சாந்தோடு ஒரு வரி 8 அங்குலம் வந்தால் 10 வரியில் 6 அடி 8 அங்குலம் ஆகும். எட்டரை அங்குலம் வந்தால் அதே 10 வரியில் 7 அடி 1 அங்குலம். முதல் இரண்டு வரி கட்டியதும் அளந்து பார்த்து, அதற்கேற்ற நிலைக்குச் சொல்லுங்கள். வரிக்குப் பொருந்தாத நிலை வந்தால் மேலே துண்டுக்கல் வைத்து அடைக்க நேரும். சீமெந்து நிலை வாங்குவோருக்கு இது இன்னும் முக்கியம். அதைக் கறையான் அரிக்காதுதான். ஆனால் மரநிலை போல் வெட்டிக் குறைக்கவும் முடியாது.

பழைய கதவுகளை வைத்திருப்போர் நம்மிடையே பலர். 2008, 2009இல் வன்னியில் இடத்துக்கிடம் போனபோது கூரைத் தகரத்தோடு நிலை கதவுகளையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு. அவற்றுள் தப்பி வந்தவை முதிரை, பாலைக் கதவுகளானால் இன்று அதே மரத்தை வாங்கும் பணத்துக்கு எங்கே போவது? தாத்தா செய்வித்த கதவு என்ற பற்றும் இருக்கும். அப்படியானால் கதவை அளந்துவிட்டுச் சுவரின் உயரத்தைத் தீர்மானிப்பதே முறை. 7 அடிக் கதவுக்காகச் சுவரை ஒரு வரி கூட்டுவது பெரிய செலவல்ல. சுவர் ஏற்கெனவே எழுந்துவிட்டதென்றால் கதவின் அடியில் இரண்டு அங்குலம் வரை சீவலாம். அதற்குமேல் சீவினால் அடிச்சட்டத்தின் பொருத்துப் பலமிழந்து, இரண்டு மாரி கழியக் கதவு தொங்கும். கட்டையான பழைய கதவைக் குளியலறைக்கு வையுங்கள். உயரம் காணாதென்று அடியில் படி கட்டி நிலையைத் தூக்கவேண்டாம். இரவில் எழுந்து போகும் கிழவிகள் தடக்கி விழுவார்கள்.

பத்தி இறக்கிய குசினிக்குக் கூரை உயர்ந்த பக்கத்தில் கதவை வையுங்கள். தாழ்ந்த பக்கத்தில் சுவரே ஆறரை அடிதான் இருக்கும். லின்டலும் போட்டால் குனிந்துதான் போகவேண்டும், கையில் சோற்றுப் பானையோடு.