‘அழைக்கமாட்டேன்’ என்று எழுதிக்கொடுப்பது

பல்லாண்டு உழைத்த ஸ்தாபனத்தை விட்டு நீங்கும் உத்தியோகஸ்தரிடம், இத்தனை மாதச் சம்பளம் தருகிறோம் என்று சொல்லி நீட்டப்படும் விலகல் ஒப்பந்தத்தில், தொகையைத் தேடும் கண் தங்காமல் கடந்துவிடும் ஒரு ஷரத்து உண்டு. குறிப்பிட்ட காலம் வரையில் எங்கள் ஊழியர் எவரையும் வேறிடத்து வேலைக்கு அழைக்கலாகாது என்பதே அது.

கலிபோர்னியாவில் 1985-இல் தீர்ப்பான லோரல் எதிர் மோயஸ் வழக்கு இத்தகைய ஒப்பந்தம் ஒன்றிலிருந்து பிறந்ததே. அவ்வாறு எழுதிக்கொடுத்து விலகிய உயர் அதிகாரி, புதிய ஸ்தாபனத்தில் அமர்ந்ததும் பழைய சகாக்களுக்கு வேலை தர முன்வந்தார். அந்தச் சகாக்கள் தாமாக வந்து வேலை கேட்பதற்குத் தடையில்லை, அவர் முந்திச் சென்று அழைப்பது ஒன்றே விலக்கப்பட்டது என்று காரணம் காட்டி, மேல்முறையீட்டு நீதிமன்றம் ஷரத்து செல்லுமென்றது. இந்தச் சூக்ஷ்மமான பேதத்தை நான் பிரதானமாகக் கருதுகிறேன். ஏனெனில், ‘அழைக்கமாட்டேன்’ என்பதோடு ‘வேலைக்கு அமர்த்தமாட்டேன்’ என்ற சொல்லும் சேர்ந்துவிட்டால், விளம்பரம் பார்த்துத் தானே விண்ணப்பித்தவருக்கும் கதவு சாத்தப்படுகிறது. அவரோ அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருமல்லர், அதற்காக ஒரு காசு பெற்றவருமல்லர். இதை அநியாயம் என்றே சொல்வேன்.

2008-இல் எட்வர்ட்ஸ் எதிர் ஆர்தர் ஆண்டர்சன் வழக்கில் அம்மாநில உச்ச நீதிமன்றம், தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் சிறிதளவே தடுத்தாலும் செல்லாது என்று கண்டிப்பாக உரைத்தது. அதைப் பின்பற்றி 2018-இல், செவிலியருக்கு வேலை தேடித் தருவதையே ஜீவனமாகக் கொண்டிருந்த சிலர்மீது ஏ.எம்.என். ஹெல்த்கேர் தொடுத்த வழக்கில், இதே விதமான ஷரத்து ரத்தாயிற்று. லோரல் தீர்ப்பு இனியும் நிலைக்குமா என்ற சந்தேகத்தையும் நீதிபதிகள் எழுப்பினர். வேறு பல மாநிலங்களிலோ, காலமும் எல்லையும் நியாயமாக இருந்தால் இது செல்லும்.

தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்ற கலிபோர்னியாவின் விதிக்கும் நமது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுக்கும் மூலம் ஒன்றே: டேவிட் டட்லி ஃபீல்ட் நியூயார்க்குக்காக வரைந்த சட்ட நகல். நியூயார்க் அதை ஏற்கவில்லை. கலிபோர்னியாவிலும் இந்தியாவிலும் அது 1872-இல் சட்டமாயிற்று.

அமெரிக்காவில், நாற்பது வயது நிறைந்தவரிடம் வயதுப் பாகுபாட்டு வழக்குரிமையையும் விட்டுக்கொடுக்கச் சொல்லும் விலகல் ஒப்பந்தமாயின், யோசிக்க 21 நாளும், பலரை ஒருங்கே நீக்கும்போது 45 நாளும், கையெழுத்திட்ட பின் மனம் மாற 7 நாளும் சட்டப்படி தரவேண்டும். அந்த அவகாசத்திற்குள், ‘அமர்த்துதல்’ என்ற சொல்லை அடித்துவிடுமாறும், தம்மோடு நேரில் பணியாற்றியவர்களோடு தடையை நிறுத்திக்கொள்ளுமாறும், பொது விளம்பரத்திற்கு விலக்களிக்குமாறும் ஒருவர் கேட்கலாம்.